முதல் வேட்டை நாய்: வேலூர்ப் பக்கத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேட்டை இன நாய் வேண்டும், அது எல்லா வேலைக்கும் உதவ வேண்டும் என்று வேலூரில் விசாரிக்கத் தொடங்கினால் பதில்கள் வேடிக்கையாக இருக்கும். விற்பவர் தன் கையில் இருக்கும் குட்டியைத்தான் சிறந்த இனம் என்பார். பக்கத்து வீட்டுக்காரர் லாப்ரடார் வாங்கச் சொல்வார். அணைக்கட்டு வட்டத்தில் நிலம் வைத்திருக்கும் மாமா, "ராஜபாளையம் வாங்கு, ஒருவன் வாசல் பக்கம் வரமாட்டான்" என்பார். எந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும், எந்த மாதத்தில் குட்டியைக் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். நான் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

1. வேட்டைக்கு நாய் என்றால் முதலில் சட்டம்

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி நாயை விட்டு முயல் பிடிப்பது குற்றம். துப்பாக்கி, கண்ணி மட்டும்தான் வேட்டை என்று பலர் நினைக்கிறார்கள். விலங்கைத் துரத்துவதும், துரத்த முயல்வதும்கூடச் சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். முயல், கவுதாரி, காட்டுப்பன்றி எல்லாம் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. உடும்பும் மயிலும் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக அதிகப் பாதுகாப்பு உள்ள பட்டியலில், இருக்கின்றன. அவற்றை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை.

ஜவ்வாது மலை அடிவாரத்திலும், அமிர்தி, ஒடுகத்தூர், பேரணாம்பட்டுப் பக்கங்களிலும் காப்புக்காடு நிலத்தை ஒட்டியே வருகிறது. அங்கே நாயைக் கயிறில்லாமல் விட்டால், உங்கள் எண்ணம் என்னவாக இருந்தாலும் வனத்துறைக்குப் பதில் சொல்லவேண்டியது நீங்கள்தான். காட்டுப்பன்றி நிலக்கடலையை அழிக்கிறது என்றால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து இழப்பீடு கேளுங்கள். நாயை ஏவாதீர்கள். பன்றியின் கொம்பு வயிற்றைக் கிழித்த நாயைத் தைத்துப் பிழைக்க வைப்பதற்குள் ஆகிற செலவு தனி.

"வேட்டைக்குப் பழக்கிய குட்டி" என்று யாராவது விற்றால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். எட்டு வாரக் குட்டியை யாரும் எதற்கும் பழக்கியிருக்க முடியாது. அப்படிச் சொல்கிறவரிடம் மற்ற பேச்சும் அதே தரத்தில்தான் இருக்கும்.

2. நாய்க்கு என்ன வேலை என்று எழுதிப் பாருங்கள்

வேட்டை கிடையாது என்றால் வேட்டை இனம் எதற்கு என்று கேட்கலாம். கால், மூக்கு, எச்சரிக்கை, நீண்ட நேரம் சோராமல் இயங்கும் உடல் ஆகியவற்றுக்காகத்தான். நிலத்துக் காவல், உடன் ஓடுவது, மோப்ப விளையாட்டு, நாய்க் கண்காட்சி என்று அந்த உடலுக்கு வேலை கொடுக்க முடியும். கொடுக்காவிட்டால் அது தானே வேலை தேடிக்கொள்ளும். முதல் பலி செருப்பு, அடுத்தது பக்கத்து வீட்டு நாட்டுக்கோழி.

ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: தினமும் காலையும் மாலையும் யார் நாயுடன் நடப்பார்கள், சுற்றுச்சுவர் எத்தனை அடி, வீட்டில் சிறு குழந்தைகளும் கோழி, ஆடுகளும் இருக்கின்றனவா. இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதியைப் படியுங்கள்.

3. இனங்கள்: எது உங்களுக்கு, எது வேண்டாம்

வயலில் மோப்பம் பிடித்துத் தேடுவது, பறவை பதுங்கிய இடத்தைக் கண்டதும் அசையாமல் நின்று காட்டுவது, விழுந்ததை நிலத்திலிருந்தும் நீரிலிருந்தும் எடுத்து வருவது, அடிபட்டு ஓடியதன் தடத்தைத் தொடர்வது ஆகிய எல்லாவற்றையும் ஒரே நாய் செய்தால் அதைப் பல்திறன் வேட்டை நாய் என்கிறார்கள். ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர், ஹங்கேரியின் விஸ்லா, வைமரானர் ஆகியவை இந்த வகை. தமிழ்நாட்டு இனங்கள் எதுவும் இதில் சேராது. அவை ஒவ்வொன்றும் ஒரே வேலையில் கெட்டிக்கார நாய்கள். இது குறை இல்லை. ஆனால் விற்பவர் "எல்லா வேலையும் செய்யும்" என்று சொல்லும்போது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர். ஆண் நாய் 25 முதல் 32 கிலோ வரை. குட்டை முடி, மனிதர்களிடம் ஒட்டுதல், சீக்கிரம் கற்றுக்கொள்ளும் புத்தி. தினமும் இரண்டு மணி நேரமாவது ஓடவேண்டும். மாடியில் கட்டிப்போட்டால் பைத்தியம் பிடித்ததுபோல் ஆகிவிடும். குட்டை முடி வெயிலுக்குக் கொஞ்சம் உதவும் என்றாலும், களைப்பு வந்த பிறகும் தானாக நிற்காத நாய் இது. ஏப்ரல், மே மாதங்களில் அதை நிறுத்தவேண்டியது உங்கள் பொறுப்பு. எங்கள் பக்கம் இந்தக் குட்டி சுலபத்தில் கிடைக்காது. பெங்களூருவிலோ சென்னையிலோ தேட வேண்டும். நீங்கள் தினமும் ஓடுகிறவராக இருந்தால் மட்டும் இதை நினைத்துப் பாருங்கள். விஸ்லா குணத்தில் இன்னும் மென்மையானது, ஆனால் கிடைப்பது அதைவிட அரிது. வைமரானர் முதல் நாயாக வேண்டாம். தனியே விட்டால் தாங்காது, கதவைக் கடிக்கும்.

லாப்ரடார். எடுத்து வரும் வேலைக்கு உருவான வேட்டை நாய்தான் இது என்பதையே நம் ஊரில் மறந்துவிட்டோம். சோபாவில் படுக்க வைத்து, பிஸ்கட் போட்டுப் போட்டு, நாற்பத்தைந்து கிலோவுக்கு ஏற்றிவிடுகிறோம். பெற்றோர் ஒல்லியாக, ஓடியாடும் நாய்களாக இருக்கும் இடத்தில் குட்டி எடுத்தால் காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இதைவிட நல்ல முதல் நாய் எனக்குத் தெரியவில்லை. மோப்பம் உண்டு, தண்ணீர் பிடிக்கும், சொன்னதைக் கேட்கும். காவலுக்குக் குரைக்கும், அவ்வளவுதான். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் பரம்பரையாக வரும். தாய் தந்தைக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் முழிப்பார்கள். கேட்பதில் தவறில்லை.

பீகிள். சின்ன உடம்பு, பெரிய மூக்கு, அதைவிடப் பெரிய குரல். மோப்பம் பிடித்துவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் விழாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்த்தால் எதிர் வீட்டாருடன் பேச்சு வார்த்தை நின்றுபோகும்.

சிப்பிப்பாறை, கன்னி. இரண்டும் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும் மெலிந்த நாய்கள். வெயில் தாங்கும், நோய் குறைவு, சாப்பாடு குறைவு, உடம்பில் நாற்றம் இருக்காது. வீட்டுக்குள் அமைதியாகப் படுத்திருக்கும். ஆனால் ஓடும் பொருள் எதுவாக இருந்தாலும் கண் அங்கே போய்விடும். அது முயலா, பூனையா, டி.வி.எஸ். எக்ஸெல்லா என்று பார்க்காது. அடித்தால் மனம் உடைந்து ஒதுங்கிவிடும். குரலை உயர்த்தினாலே போதும். ஆறடிச் சுவரோ கம்பி வேலியோ இருக்கும் நிலத்து வீட்டுக்கு, முதல் நாயாக, கன்னிப் பெட்டைக் குட்டியைத்தான் நான் சொல்வேன்.

ராஜபாளையம். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாகப் படத்தில் பார்த்தால் ஆசை வராதவர் இல்லை. ஒரே எசமானரிடம் ஒட்டும், அந்நியரை நம்பாது, வளர்ந்த பிறகு கையாள உறுதியான ஆள் வேண்டும். உறவினர்கள் வந்துபோகும் வீட்டில் முதல் முறை நாய் வளர்ப்பவருக்கு இது பொருந்தாது. முழு வெள்ளை நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை வருவதுண்டு. வெளிர் தோல் வெயிலில் புண்ணாகும்.

கோம்பை. பழுப்பு உடம்பு, கறுத்த முகம், கட்டான தாடை. காவலில் இதற்கு நிகர் குறைவு. ஆனால் சின்ன வயதிலேயே மனிதர்களோடு பழக்காவிட்டால் கடிக்கும். முதல் நாயாக வேண்டாம். இரண்டாவது நாயாக யோசிக்கலாம்.

டோகோ அர்ஜென்டினோ என்ற பன்றி வேட்டை நாயைச் சிலர் பெருமைக்காகக் கேட்கிறார்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு ஆபத்தான இனங்கள் என்று அனுப்பிய சுற்றறிக்கையில் இந்தப் பெயர் இருந்தது. அந்தச் சுற்றறிக்கை பின்னர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை என்றாலும், இதைக் கயிற்றில் பிடித்து நிறுத்தும் பலமும் அனுபவமும் புதியவருக்கு இருக்காது.

கலப்புக் குட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. "சிப்பிப்பாறை கிராஸ்", "பாதி ராஜபாளையம்" என்று குறைந்த விலைக்கு வரும் குட்டிகள் மோசமானவை என்று நான் சொல்லமாட்டேன். நல்ல நாயாகவே வளரலாம். தூய இனத்தின் விலையைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

4. குட்டிக்கு முன்னால் வேலி

வேலையை வேலியிலிருந்து தொடங்குங்கள். ஓடும் இனத்துக்கு ஆறடி உயரம் வேண்டும். அடியில் மண்ணைத் தோண்டி வெளியே போகாதபடி கம்பி வலையை ஓர் அடியாவது புதைக்க வேண்டும். இரும்புக் கதவின் கம்பிகளுக்கு நடுவே மூன்று மாதக் குட்டி நுழைந்துவிடும். கீழ்ப்பாதியில் வலை கட்டிவிடுங்கள். இந்தச் செலவு பெரும்பாலும் குட்டியின் விலையைவிட அதிகமாகும், அதனால்தான் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

நிழலுக்குத் தகரக் கொட்டகை போடாதீர்கள். மதியம் அது அடுப்பாகிவிடும். தென்னங்கீற்றோ வேப்பமர நிழலோ போதும், காற்று இருபுறமும் போகவேண்டும். வாடகை வீடானால் உரிமையாளரிடம் முன்பே கேட்டு, சம்மதத்தைக் கைப்பேசிச் செய்தியாகவாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாய் வளர்ந்த பிறகு "வீட்டைக் காலி செய்" என்ற பேச்சு வந்தால் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

5. எப்போது, எங்கே வாங்குவது

ஆவணியில் தொடங்கித் தை வரை நல்ல காலம். குட்டி கத்திரி வெயிலுக்குள் நுழையும்போது நான்கு மாதத்தைத் தாண்டியிருக்கும், தடுப்பூசிகளும் முடிந்திருக்கும். சித்திரையில் எட்டு வாரக் குட்டியைக் கொண்டுவருவது இரண்டு பேருக்கும் தொல்லை.

நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். அதன்பின் குட்டி எட்டு வாரம் தாயிடம் இருக்க வேண்டும். ஆக, இணை சேர்ந்த நாளிலிருந்து உங்கள் வீட்டுக்கு வர நான்கு மாதம் பிடிக்கும். ஆவணியில் வேண்டுமானால் சித்திரையிலேயே வளர்ப்பவரிடம் பேசி வைக்க வேண்டும். "நாளைக்கே தருகிறேன், எந்த இனம் வேண்டும்?" என்று கேட்பவர் தரகர். அவரிடம் தாய் நாய் இருக்காது.

நாட்டு இனத்துக்கு விருதுநகர், கோவில்பட்டி, தேனிப் பக்கங்களுக்குப் போய்ப் பார்த்து எடுப்பதே நல்லது. வேலூரிலிருந்து ஓர் இரவுப் பயணம். சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைப் பராமரிப்புத் துறையின் நாய் இனப்பெருக்கப் பிரிவில் நாட்டு இனக் குட்டிகளைப் பதிவு செய்து காத்திருந்து வாங்கலாம். போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டு இனங்களுக்குச் சென்னை, பெங்களூரு நாய்க் கண்காட்சிகளுக்கு ஒருமுறை போய்வாருங்கள். வாங்கப் போகிற இனத்தின் வளர்ந்த நாயைத் தொட்டுப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. சந்தை, சாலையோரக் கூண்டு, கைப்பேசி விளம்பரம் ஆகிய மூன்றிலும் வாங்காதீர்கள். படம் ஒரு குட்டியாகவும் வந்து சேர்வது வேறு குட்டியாகவும் இருக்கும்.

ரயிலில் குட்டியைக் கொண்டுவர நினைத்தால், முதல் வகுப்பு ஏ.சி.யில் அறை முழுவதும் உங்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தால்தான் உடன் வைத்துக்கொள்ள முடியும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் பார்சலாகப் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரக் குட்டியை அந்தக் கூண்டில் அனுப்ப மனம் வராது. இரவில் கார்ப் பயணம்தான் உத்தமம்.

6. குட்டியைப் பார்க்கப் போகும் நாள்

காலையில் போங்கள், குட்டிகள் விழித்திருக்கும் நேரம். முதலில் தாயைப் பாருங்கள். குட்டிகளோடு தாய் இல்லை என்றால் விசாரணையை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். குட்டி ஈன்ற நாய் உங்களைப் பார்த்துக் குரைப்பது இயல்பு. வளர்ப்பவர் அருகில் வந்து சொன்ன பிறகும் பல்லைக் காட்டிப் பாய்ந்தால், அதே குணம் குட்டிக்கு வரலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வயதை வாயில் பாருங்கள். ஐந்து வாரக் குட்டியை எட்டு வாரம் என்று சொல்லி விற்பது இந்தத் தொழிலின் பழைய வித்தை, ஏனென்றால் ஒவ்வொரு வாரமும் அவர்களுக்குச் சாப்பாட்டுச் செலவு. எட்டு வாரமான குட்டிக்குப் பால்பற்கள் 28-உம் முளைத்திருக்கும். பின்பக்கத்துப் பற்கள் இன்னும் வரவில்லை என்றால் வயது குறைவு. இணை சேர்ந்த தேதி, ஈன்ற தேதி இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். இடையில் இரண்டு மாதம் வராவிட்டால் ஏதோ ஒன்று பொய். நாய் இனப்பெருக்க விதிகள் 2017-இன்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது. தெரிந்தவர் ஒருவருக்கு "ரெண்டு மாதம்" என்று கொடுக்கப்பட்ட குட்டி, கால்நடை மருத்துவரிடம் போனபோது ஐந்து வாரம்கூட நிறையாதது என்று தெரிந்தது. விற்றவர் அதன்பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை.

குட்டிக்குப் பின்னால் நின்று கைதட்டுங்கள். வெள்ளை ராஜபாளையத்துக்கு இது கட்டாயம். தரையில் காலைத் தட்டாதீர்கள், அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும், காது கேட்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். மற்ற குட்டிகளிடமிருந்து பிரித்துத் தனியாக வைத்துத் தட்ட வேண்டும்.

கண்ணில் பீளை, மூக்கில் சளி, ஊதிய வயிறு, முகத்திலும் முன்னங்காலிலும் முடி கொட்டிய வட்டங்கள், ஆசனவாய் ஓரத்தில் ஈரம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். ஊதிய வயிற்றைக் "கொழுகொழு" என்பார்கள். அது பெரும்பாலும் குடற்புழு.

வால் வெட்டிய குட்டி, காது கத்தரித்த குட்டி என்றால் வாங்காதீர்கள். ஷார்ட்ஹேர்டு பாயிண்டருக்கு வால் வெட்டுவதும், சில காவல் நாய்களுக்குக் காதைக் கத்தரிப்பதும் பழைய வழக்கம். விலங்குகள் மீதான கொடுமைத் தடுப்புச் சட்டம் 1960-இன்படி உறுப்பைச் சிதைப்பது குற்றம்.

குணத்துக்கு ஒரு சிறு சோதனை. சாவிக் கொத்தைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். திடுக்கிட்டு ஒதுங்கி, பிறகு தானே வந்து மோந்து பார்க்கும் குட்டி புதியவருக்கு ஏற்றது. மூலையில் ஒடுங்கி வெளியே வராத குட்டியை இரக்கப்பட்டு எடுக்காதீர்கள். எல்லோர் மேலும் ஏறி, உடன்பிறந்தவற்றைக் கடித்துத் தள்ளும் குட்டியைப் பார்த்து "சுறுசுறுப்பு" என்று மயங்கவும் வேண்டாம்.

7. கையில் வாங்க வேண்டிய காகிதங்கள்

விற்பனை ரசீது. குட்டியின் இனம், பாலினம், நிறம், பிறந்த தேதி, விலை, விற்பவரின் கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தாலும் பரவாயில்லை. இல்லாமல் மட்டும் வராதீர்கள்.

வளர்ப்பவரின் பதிவுச் சான்றின் நகல். 2017 விதிகளின்படி வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கிராமத்தில் பல நல்ல வளர்ப்பாளர்களிடம் இது இருக்காது என்பதே உண்மை. அப்போது தாய் தந்தையையும் இடத்தையும் பார்த்து நீங்களே முடிவு செய்யவேண்டியதுதான், ஆனால் கேட்காமல் இருக்காதீர்கள்.

தடுப்பூசி அட்டை. ஊசி மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டி, கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பேனாவால் தேதி மட்டும் எழுதிய அட்டைக்கு மதிப்பில்லை.

மைக்ரோசிப் எண். நாயின் தோலுக்கடியில் வைக்கும் சிறு அடையாளச் சில்லின் எண் இது. பதினைந்து இலக்கம். எண்ணைக் காகிதத்தில் எழுதித் தருவது போதாது. கருவியை வைத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கென்னல் கிளப் ஆஃப் இந்தியா சான்றிதழ். நாயின் இனத்தையும் பரம்பரையையும் காட்டும் பதிவு இது. கண்காட்சிக்குப் போகும் எண்ணம் இருந்தால் தேவை. காவலுக்கு வளர்ப்பவருக்கு அவசியம் இல்லை. இதில்தான் அதிக ஏமாற்று. "சான்றிதழ் பின்னால் தபாலில் வரும்" என்பார்கள். வராது. சான்றிதழுக்காக விலை கூட்டிக் கேட்டால், அந்தக் கூடுதல் தொகையைக் காகிதம் கைக்கு வந்த பிறகு தருவதாகச் சொல்லிப் பிடித்து வையுங்கள். பெற்றோரின் சான்றிதழ்களையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். அதில் உள்ள நிறமும் கண்முன் நிற்கும் நாயின் நிறமும் ஒத்துப்போக வேண்டும்.

வீட்டுக்கு வந்த பின், வேலூர் மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் தங்கள் மண்டல அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் உரிமம் கேளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, முகவரிச் சான்று, நாயின் படம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோனால் இரண்டாவது நடை மிச்சம். கட்டணத்துக்கு ரசீது வாங்குங்கள். எல்லாக் காகிதங்களையும் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால், காட்பாடியிலிருந்து நாயோடு வெளியூர் கிளம்பும்போது தேட வேண்டியதில்லை.

8. செலவு

குட்டிக்கு, தோராயமாக, நாட்டு இனம் எட்டாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை. லாப்ரடார் பத்திலிருந்து இருபத்தைந்தாயிரம். பீகிள் இருபதாயிரத்துக்கு மேல். ஷார்ட்ஹேர்டு பாயிண்டர் முப்பதாயிரத்துக்கு மேல். பேரம் பேசலாம், ஆனால் ஐயாயிரத்துக்கு லாப்ரடார் என்றால் ஏன் என்று யோசியுங்கள்.

சாப்பாட்டுக்கு, வீட்டிலேயே சமைத்தால் மெலிந்த நாட்டு நாய்க்கு மாதம் மூவாயிரம் அளவில் ஒதுக்குங்கள். பெரிய இனத்துக்குக் கடையில் விற்கும் உலர் தீவனம் போட்டால் அது இரண்டு மடங்குக்கு மேல் போகும். சோறும் கேழ்வரகுக் கூழும் மட்டும் போட்டு வேட்டை நாய் வளராது. கோழி, முட்டை, கறிக்கடை ஈரல் என்று புரதம் வேண்டும். வேகவைத்த எலும்பு கூடாது, உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு. வீட்டுப் பெரியவர்கள் பிரியத்தில் சாம்பார் சோறு ஊட்டுவார்கள், அதில் சின்ன வெங்காயம் இருக்கும். முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தனியார் மருத்துவரிடம் போனால் முதல் ஆண்டுத் தடுப்பூசி, புழு மருந்து, உண்ணி மருந்து எல்லாம் சேர்த்து ஆறாயிரம் முதல் பத்தாயிரம் வரை வைத்துக்கொள்ளுங்கள். அரசு கால்நடை மருத்துவமனையில் இது வெகுவாகக் குறையும். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தை ஒட்டி இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடக்கும். இவை தவிர, தொடாத பணமாகப் பத்தாயிரம் தனியாக இருக்கட்டும். பார்வோ என்ற கடும் வயிற்றுப்போக்கு நோய் வந்து குட்டிக்கு ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதானால் அது கரைந்துவிடும்.

9. முதல் நான்கு மாதம்: ஊசியும் பழக்கமும்

ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் கூட்டுத் தடுப்பூசி. பார்வோ, டிஸ்டெம்பர், கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கு. பிறகு மூன்று, நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை மறு ஊசிகள். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய் ஊசி, மருத்துவர் சொல்லும் தேதியில் மறு ஊசி, பிறகு ஆண்டுதோறும். புழு மருந்து முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை.

ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்காதீர்கள். வேலூர்த் தெருக்களில் நாய்களுக்குக் குறைவில்லை, பார்வோ கிருமி மண்ணிலேயே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதற்காகக் குட்டியை அறைக்குள் பூட்டியும் வைக்கக் கூடாது. மூன்று, மூன்றரை மாதத்துக்குள் பார்ப்பதுதான் அதற்கு உலகம். தோளில் தூக்கிக்கொண்டு பஸ் சத்தம், மேளம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மாடு, ஆடு, கோழி எல்லாவற்றையும் காட்டுங்கள். கோழியைப் பார்த்துப் பேசாமல் இருந்தால் ஒரு துண்டு ஈரல். இந்த வயதில் இதைச் செய்யாமல் விட்டால், ஒரு வயதில் கன்னியோ சிப்பிப்பாறையோ பக்கத்துக் கொல்லையில் நான்கு கோழிகளை முடித்துவிட்டு வந்து நிற்கும். கோழிக்குப் பணம் கொடுத்துவிடலாம். அடுத்த முறை அந்த வீட்டார் சோற்றில் விஷம் வைத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

பெயர் சொன்னால் வருவதை வீட்டுக்குள் தொடங்கி, மாடி, கொல்லை, பிறகு இருபதடிக் கயிற்றோடு வயல் என்று விரித்துக்கொண்டே போங்கள். கூப்பிட்டு வந்த நாயை எதற்காகவும் அடிக்கக் கூடாது. ஓடும் இனங்களுக்கு வேலி இல்லாத இடத்தில் கயிறு என்றைக்கும் கயிறுதான். பாலாற்று மணல் வெறுமையாக இருக்கிறதே என்று அவிழ்த்துவிட்டால், மறுகரையில் ஆட்டு மந்தை இருக்கும். கழுத்து தலையைவிடப் பருத்த நாய்கள் இவை. சாதாரணக் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு போய்விடும். அகலமான பட்டை வாங்குங்கள்.

10. கோடை, உண்ணி, பாம்பு, மயக்க மருந்து

மார்ச் முதல் ஜூன் வரை நடை காலை ஆறரைக்குள்ளும், மாலை ஆறரைக்குப் பிறகும். தார்ச் சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்தையும் அங்கே வைக்காதீர்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐ நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. எச்சில் வழிய மூச்சிரைத்து, ஈறு செக்கச் சிவந்து, தள்ளாடினால் உடனே சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுவதும் ஊற்றி மின்விசிறியின் கீழ் வைத்து, அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நெஞ்சு ஆழமான இனங்களைச் சாப்பிட்ட உடனே ஓடவிடாதீர்கள். இரைப்பை முறுக்கிக்கொண்டால் சில மணி நேரம்தான்.

உண்ணிக் காய்ச்சல் எங்கள் பக்கத்தில் நிறைய. சாப்பிடாமல் கிடப்பது, காய்ச்சல், ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம் வருவது ஆகியவற்றைக் கண்டால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். மாத்திரை பெரும்பாலும் நான்கு வாரம் வரை போகும். மூன்றாம் நாள் நாய் எழுந்து சாப்பிட்டதும் நிறுத்திவிடுகிறார்கள். காய்ச்சல் திரும்பி வரும்.

நிலத்தில் வளரும் நாயைக் கண்ணாடிவிரியனோ நல்லபாம்போ கடிக்கும் வாய்ப்பு உண்டு. பாம்பு விஷ முறிவு மருந்து எந்தக் கால்நடை மருத்துவமனையில் இருக்கிறது, இரவில் திறந்திருக்குமா என்று இன்றே விசாரித்து எண்ணை எழுதி வையுங்கள்.

கருத்தடை அறுவை சிகிச்சைக்கோ காயம் தைக்கவோ போகும்போது, மெலிந்த ஓட்ட நாய் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். உடலில் கொழுப்பு மிகக் குறைவாக இருப்பதால் தயோபென்டோன் போன்ற சில மயக்க மருந்துகளிலிருந்து இந்த வகை நாய்கள் மீள அதிக நேரம் எடுக்கும். வேறு மருந்து இருக்கிறது.

உங்கள் நாய் யாரையாவது கடித்தால், அது விளையாட்டுக் கீறலாக இருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவச் செய்து, அன்றே ஊசிக்கு அழைத்துப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்த ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள் என்று நான்கு தடவை போக வேண்டும். அழைத்துப் போகும்போது நாயின் தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்திருங்கள். மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.